மனப்பூர்வமாய்ச் செய்யவும் தயவாய் இருக்கவும்: பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டுவதற்கென்றே எழுதப்பட்டது போல ஒரு வசனம் கிறிஸ்தவ வீடுகளில் உலவுகிறது: "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்." கொலோசெயர் நிருபம், மூன்றாம் அதிகாரம், 23, 24 வசனங்கள். தேர்வுக் காலத்தில் இதற்கு மதிப்பு கூடிவிடும். அதற்குச் சற்று மேலே, 21-ஆம் வசனத்தில், பிள்ளைகள் மனம் சோர்ந்துபோகும்படி அவர்களைக் கோபப்படுத்த வேண்டாம் என்று நிருபத்தை எழுதிய பவுல் தகப்பன்மார்களுக்குச் சொல்கிறார். அதைச் சுவரில் ஒட்டிய வீட்டை நான் பார்த்ததில்லை.

இன்னும் மேலே போனால் 12-ஆம் வசனம். தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள், அவருக்குப் பிரியமானவர்கள் என்று முதலில் அழைத்துவிட்டு, அதன்பிறகே இரக்கத்தையும் தயவையும் மனத்தாழ்மையையும் உடுத்திக்கொள்ளச் சொல்கிறார். உழைப்பைப் பற்றிய வசனமோ அடிமைகளாயிருந்த வேலைக்காரருக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் வேலையை யாரும் பாராட்டவில்லை; எஜமான் கவனிக்காவிட்டாலும் கர்த்தர் கவனிக்கிறார் என்பது அவர்களுக்கு ஆறுதல். அந்த ஆறுதலைப் பிரம்பாக மாற்றிப் பிள்ளையின் முதுகில் வைப்பது பவுல் எழுதியதற்கு நேர் எதிரானது.

ஆகவே இந்த வழிகாட்டியில் நேசிக்கப்படுதல்தான் முதலில் வரும். முயற்சியும் தயவும் அதிலிருந்து வளர்பவை. எந்தப் படியை விட்டாலும் முதல் படியை விடாதீர்கள்.

முதல் படி: பாராட்டை வேலைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்

இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்று கரையேறியபோது, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வானத்திலிருந்து கேட்டது (மத்தேயு 3:17). மத்தேயு சொல்லும் வரலாற்றில் அதுவரை அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? தேர்வு முடிவு வரும் நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிள்ளை உள்ளே வந்ததும் தாளைக் கேட்காதீர்கள். முதலில் முகத்தைப் பாருங்கள், பக்கத்தில் உட்காரவையுங்கள், நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள். தாள் எங்கும் ஓடிவிடாது. பிறகு சேர்ந்து பாருங்கள். இந்த வரிசை மாறாமல் நடந்தால், தாளில் என்ன இருந்தாலும் தன் இடம் மாறவில்லை என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

அடுத்தது, வாயிலிருந்து நீக்கவேண்டிய ஒரு வாக்கியம்: "இப்படிச் செய்தால் இயேசப்பாவுக்கு உன்னைப் பிடிக்காது." அடங்காத சிறுபிள்ளையை ஒரு நொடியில் அடக்கும் ஆற்றல் இதற்கு உண்டு, அதனால்தான் பெரியவர்கள் இதை விடுவதில்லை. ஆனால் இது உண்மையில்லை. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 சொல்லும்போது, விரல் சூப்புவதற்காகவும் தம்பியைத் தள்ளியதற்காகவும் அவர் வெறுத்துவிடுவார் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. "நீ தள்ளியதில் தம்பிக்கு வலித்தது. இயேசப்பாவுக்கும் அது வருத்தம். அவர் உன்னை விட்டுப் போகவில்லை, வா, சரிசெய்யலாம்" என்பதில் கண்டிப்பும் இருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது.

இரண்டாம் படி: 'சிறந்தது' எது என்று அளவைச் சொல்லுங்கள்

"உன்னால் முடிந்தவரை செய்" என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் முதல் இடத்தை எதிர்பார்க்கும் பெற்றோரைப் பிள்ளைகள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே மத்தேயு 25-இல் உள்ள தாலந்துகளின் உவமை கைகொடுக்கும். அதை முழுவதும் வாசிக்க வேண்டும்.

பயணம் போகும் ஓர் எஜமான் தன் வேலைக்காரரிடம் தாலந்துகளை, அதாவது பெரிய பணத்தொகைகளை, ஒப்படைக்கிறான். ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று. அவனவன் திறமைக்குத் தக்கபடி கொடுத்தான் என்று 15-ஆம் வசனம் சொல்கிறது. ஐந்தை வாங்கியவன் பத்தாக்கினான், இரண்டை வாங்கியவன் நான்காக்கினான். பிள்ளைகளிடம் 21-ஆம் வசனத்தையும் 23-ஆம் வசனத்தையும் கொடுத்து, என்ன வித்தியாசம் என்று தேடச் சொல்லுங்கள். தேடித் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார்கள். "நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே" என்று தொடங்கி எஜமான் இருவருக்கும் ஒரே பாராட்டைத்தான் சொல்கிறான். பத்து வைத்திருப்பவனுக்குக் கூடுதலாக ஒரு சொல்கூட இல்லை. அக்காளோடும் பக்கத்து வீட்டுப் பையனோடும் ஒப்பிடப்பட்டே வளரும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய விடுதலை வேறில்லை.

மூன்றாவது வேலைக்காரனைச் சோம்பேறி என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். எஜமானும் அப்படித்தான் அவனைக் கண்டிக்கிறான். ஆனால் அவன் தன் வாயால் சொல்லும் காரணத்தையும் கேளுங்கள்: நீர் கடினமானவர் என்று அறிந்தேன், பயந்தேன், புதைத்தேன். புத்தகத்தைத் திறக்காத பிள்ளைகளில் பலர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். முயன்று தோற்றால் தன் தகுதி வெளியே தெரிந்துவிடும். முயலாமல் தோற்றால், "படித்திருந்தால் வாங்கியிருப்பேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். இவர்களை அதட்டினால் குழியை இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள். "முதல் ஐந்து கணக்கைத் தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை, போட்டுக் காட்டு" என்று தவறுவதற்கு இடம் கொடுத்தால்தான் புதைத்தது வெளியே வரும்.

வேலை முடிந்தபின் கேட்க மூன்று கேள்விகள் போதும். இதில் உனக்குத் தெரிந்த அளவு செய்தாயா? எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று தோன்றியது, அப்போது என்ன செய்தாய்? அடுத்த முறை எதை வேறுவிதமாகச் செய்வாய்? மதிப்பெண் இந்தக் கேள்விகளில் வருவதேயில்லை. பெத்தானியாவில் இயேசுவின்மேல் தைலம் ஊற்றிய பெண்ணைச் சுற்றியிருந்தவர்கள் குறைசொன்னபோது, "இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்" என்றார் அவர் (மாற்கு 14:8). அந்த அளவுகோலுக்கு மேலே நாம் ஒன்றை வைக்கவேண்டியதில்லை.

பாராட்டும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்டவர்கள் அடுத்து எளிதான கணக்குகளை நாடினார்கள். கடினமானவற்றில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். புகழ்ச்சி ஒரு பிள்ளையைப் பொய்சொல்ல வைக்கும் என்பது யோசிக்கவேண்டிய விஷயம். செய்ததைக் குறிப்பாகச் சொல்லிப் பாராட்டுங்கள்: "மூன்றாம் பத்தியை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாயே, அது நன்றாக இருந்தது."

மூன்றாம் படி: உண்மையான வேலை கொடுங்கள்

மனப்பூர்வமாய்ச் செய்வதைப் படிப்பில் மட்டும் பழக்க முடியாது. படிப்பு நீண்டது, பலன் தூரத்தில் இருக்கிறது. வீட்டு வேலை குறுகியது, முடிந்தது கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒப்புக்குக் கொடுக்கும் வேலை உதவாது. பிள்ளை செய்யாவிட்டால் யாரோ ஒருவருக்கு உண்மையில் குறையாக இருக்கவேண்டும்: எல்லோரும் உட்காருமுன் தட்டு வைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாட்டியின் கண்ணாடியைத் துடைத்து வைப்பது.

முடிந்த வேலை எப்படி இருக்கும் என்பதை முதலில் ஒருமுறை சேர்ந்து செய்து காட்டுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள். பிள்ளை மடித்த துணியை அதன் கண்முன்னே பிரித்து மறுபடி மடிப்பதைப் போல ஊக்கத்தைக் கெடுப்பது வேறில்லை.

கைவேலையும் பரிசுத்தமானது என்று காட்ட வேதாகமத்தில் அருமையான ஒரு மனிதர் இருக்கிறார். யாத்திராகமம் 31-இல் வரும் பெசலெயேல். அவரைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்கிறார், எதற்காக? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், மரத்தைச் செதுக்கவும். ஞாயிறு பள்ளியில் தாவீதும் தானியேலும் அடிக்கடி வருகிறார்கள், பெசலெயேல் அபூர்வமாகத்தான் வருகிறார். வரைவதிலும் பொருள்களைப் பிரித்துப் பார்ப்பதிலும் மனம் போகிற பிள்ளைக்கு அவரை அறிமுகப்படுத்துங்கள்.

இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் (1685–1750) தம் இசைப்படிகள் பலவற்றின் தொடக்கத்தில் 'இயேசுவே உதவும்' என்பதற்கான லத்தீன் முதலெழுத்துகளையும், முடிவில் 'தேவனுக்கே மகிமை' என்பதற்கான முதலெழுத்துகளையும் எழுதினார். பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போகும், ஏனென்றால் இரகசியக் குறியீடு போல இருக்கிறது. வேலைக்கு முன் ஒரு வரி ஜெபம், முடிந்ததும் ஒரு வரி நன்றி. நீண்ட ஜெபம் வேண்டாம். வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போட ஜெபத்தையே பயன்படுத்தும் கெட்டிக்காரர்கள் உண்டு.

ஓய்வையும் பழக்குங்கள். ஏழில் ஒரு நாளை ஓய்வாக வைத்தவர் தேவன். அந்த நாளிலும் புத்தகத்தை நீட்டும் வீட்டில், உழைப்புதான் தெய்வம் என்ற பாடம் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடும்.

நான்காம் படி: தயவைக் கண்ணிலிருந்து தொடங்குங்கள்

"அன்பாக இரு" என்பது பிள்ளைக்குக் காற்றைப் பிடிக்கச் சொல்வது போல. என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. தயவின் முதல் செயல் கவனிப்பது. அதைப் பயிற்சியாகவே கொடுக்கலாம்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையை (லூக்கா 10:30–35) வினைச்சொற்களாகப் பிரித்து நடித்துப் பாருங்கள். கண்டான், மனதுருகினான், கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயங்களைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், பராமரித்தான், மறுநாள் பணம் கொடுத்தான், திரும்பிவருவதாகச் சொன்னான். அவனுக்கு முன் அவ்வழியே வந்த ஆசாரியனும், ஆலய ஊழியனான லேவியனும்கூடக் கண்டார்கள். அவர்களுக்கு முதல் வினைச்சொல்லுக்குப் பிறகு வந்தது 'விலகிப்போனான்'. எங்கே பாதை பிரிந்தது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். சமாரியன் எல்லாவற்றையும் தானே செய்துவிடவில்லை, சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான் என்பதையும் விட்டுவிடாதீர்கள். "பெரியவர்களைக் கூப்பிடுவதும் உதவிதான்" என்று ஒரு சிறுபிள்ளைக்குச் சொல்ல இது நல்ல இடம்.

யோசேப்பின் சிறை வாழ்க்கையைப் பெரும்பாலும் கனவுகளுக்காகச் சொல்கிறோம். கனவுக்கு முன்னே ஒரு சிறிய காட்சி இருக்கிறது (ஆதியாகமம் 40:6, 7). காலையில் கைதிகளைப் பார்க்க வருகிறான். அவர்கள் கலங்கியிருப்பதைக் கவனிக்கிறான். இன்று ஏன் உங்கள் முகம் துக்கமாயிருக்கிறது என்று கேட்கிறான். அவனும் குற்றமில்லாமல் அடைபட்டவன்தான். சிறையின் பொறுப்பு முழுவதும் அவன் கையில் இருந்தது, அதை உண்மையாய்ச் செய்துகொண்டிருந்தான். வேலையும் தயவும் ஒரே மனிதனிடம், ஒரே காலையில் சேர்ந்திருக்கும் காட்சி இது. கொடுக்கப்பட்ட வேலையைக் கவனமாய்ச் செய்த அதே கண்தான் வாடிய முகத்தையும் பார்த்தது.

இரவு உணவின்போது "இன்று வகுப்பில் யார் முகம் வாடியிருந்தது?" என்று கேளுங்கள். முதல் சில நாள்கள் தெரியாது என்றே பதில் வரும். கேள்வி தினமும் வரும் என்று தெரிந்தபின் பிள்ளை பார்க்கத் தொடங்கும். பார்த்தபின் என்ன செய்தாய் என்ற கேள்வியை உடனே கேட்க அவசரப்படாதீர்கள்.

ஐந்தாம் படி: கொடுக்கும் விதம்

ரூத்தின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் வயலின் சொந்தக்காரனான போவாஸ் தன் வேலைக்காரரிடம், ஏழை விதவையான ரூத் பொறுக்கிக்கொள்ளும்படி அரிக்கட்டுகளிலிருந்து கொஞ்சம் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்கிறான். கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் தன் உழைப்பால் எடுத்துக்கொண்டாள் என்ற மரியாதை கெடாதபடி கொடுக்கிறான். பழைய சட்டையைத் தோழிக்குக் கொடுக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டும்: எல்லார் முன்னிலும் கொடுக்காதே, பிறகு "அது என் சட்டை" என்று சொல்லாதே. கிழிந்ததையும் கொடுக்காதே.

இயேசு வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்றார் (மத்தேயு 6:3). பிள்ளை உதவி செய்வதைப் படம்பிடித்து உறவினர் குழுவில் அனுப்பும் பெற்றோர் இதை வாசித்திருக்கிறார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். படத்தில் கைநீட்டி வாங்கும் பிள்ளைக்கும் ஒரு மனம் இருக்கிறது.

பரிசு கொடுத்து உதவவைப்பதும் கெடுதலே. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது மாதக் குழந்தைகளில் உதவிக்குப் பொருள் பரிசு பெற்றவர்கள் பிறகு குறைவாகவே உதவினார்கள். பாராட்டு மட்டும் கேட்டவர்களும் ஒன்றும் பெறாதவர்களும் தொடர்ந்து உதவினார்கள்.

ஆறாம் படி: புண்படுத்திய பிறகு

"ஸாரி சொல்" என்று அதட்டினால் வரும் ஸாரி, அதட்டலிலிருந்து தப்பிக்கும் வழி மட்டுமே. வரி வசூலிப்பவனான சகேயு வெறும் வார்த்தையோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான் (லூக்கா 19:8). கோபம் தணிய நேரம் கொடுங்கள். பிறகு, நடந்ததைச் சாக்குச் சொல்லாமல் சொல்லவையுங்கள்; எதை ஈடுசெய்யலாம் என்று பிள்ளையையே யோசிக்கவையுங்கள். உடைத்த பொம்மையை ஒட்டித்தருவது, தன்னுடையதைக் கொடுப்பது, இடித்த கோபுரத்தைக் கூட இருந்து கட்டுவது. மன்னிப்புக் கேட்கப்பட்டவர் உடனே மன்னித்துவிட வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். 'மறு கன்னத்தைக் காட்டு' என்ற போதனையைக் காரணம் காட்டி, அடிவாங்கி வரும் பிள்ளையைப் பேசாமல் இருக்கச் சொல்லக்கூடாது. பிரதான ஆசாரியனின் முன்னிலையில் ஒரு சேவகன் அறைந்தபோது, நான் தகுதியாய்ப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று இயேசு கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது இதுதான்: "நிறுத்து, இது தப்பு" என்று உரக்கச் சொல், அங்கிருந்து விலகு, நம்பிக்கையான பெரியவரிடம் சொல். ஒரு பெரியவர் தொட்டு, "யாரிடமும் சொல்லாதே" என்றால் அந்த இரகசியத்தைக் காக்கவே வேண்டாம். அவர் சபையில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. மன்னிப்பதற்காக அவரோடு மறுபடி தனியாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

ஏழாம் படி: முயற்சியும் தயவும் மோதும்போது

வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடாத இடம் இது. நண்பன் விடைத்தாளைக் காட்டச் சொல்கிறான்; காட்டாவிட்டால் இரக்கமில்லாதவன் என்கிறான். குழு வேலையில் ஒருவன் ஒன்றுமே செய்யவில்லை. போட்டியில் எதிரே நிற்பது நெருங்கிய தோழி. பிள்ளை உண்மையில் தடுமாறுவது இங்கேதான்.

விடைத்தாளைக் காட்டுவது தயவு ஆகாது என்று சொன்னால் போதாது, அதற்குப் பதில் என்ன தரலாம் என்றும் சொல்லுங்கள்: "காட்டமாட்டேன். ஆனால் இன்று மாலை உனக்குச் சொல்லித்தருகிறேன்." போட்டியில் தோழிக்காக வேண்டுமென்றே தோற்பது அவளை அவமதிப்பது, முழு மூச்சாய் ஓடு, முடிந்ததும் முதலில் போய் அவள் கையைப் பிடி. குழு வேலையில் சோம்பியவனின் பங்கையும் தானே செய்துவிட்டு மனதுக்குள் குமுறும் பிள்ளைகள் கிறிஸ்தவ வீடுகளில் அதிகம். தங்கை உதவாமல் உட்கார்ந்திருக்க, தனியே வேலைசெய்து குறைப்பட்ட மார்த்தாளைப் பற்றி அவர்களோடு பேசலாம் (லூக்கா 10:38–42). "உன்னால் முடியாத பங்கு எது, உனக்கு யார் உதவலாம்?" என்று அவனிடம் நேரே போய்க் கேட்கப் பழக்குங்கள், பிறகும் நடக்காவிட்டால் ஆசிரியரிடம் சொல்வது கோள்மூட்டுவது ஆகாது.

எப்போதும் நன்றாக நடந்துகொள்ளும் பிள்ளையைத்தான் நான் அதிகமாகக் கவனிப்பேன். கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த மகன் வருஷக்கணக்காய் உழைத்தான், ஒரு கட்டளையையும் மீறவில்லை. சொத்தை அழித்துவிட்டுத் தம்பி திரும்பிவந்தபோது, வீட்டுக்குள் வர மனமில்லாமல் வெளியே நின்றான் (லூக்கா 15:25–32). பிறர் தவறும்போது உங்கள் பிள்ளையின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தால், முதல் படிக்குத் திரும்புங்கள். தகப்பன் அவனிடம் கண்டிப்பாய்ப் பேசவில்லை, "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்றே தொடங்கினான்.

வயதுக்குத் தக்கபடி

மூன்று முதல் ஐந்து வயது வரை ஒரு வேலையும் ஒரு கதையும் போதும். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டுவந்த பையனின் கதை இந்த வயதுக்கு ஏற்றது. அந்தப் பையனைக் குறிப்பிடுபவர் யோவான் மட்டுமே (6:9), ஆகவே அங்கிருந்து வாசியுங்கள். ஆறிலிருந்து ஒன்பது வரை நீதி நியாயம் பெரிதாய்த் தெரியும் வயது. தாலந்து உவமையும் சமாரியனும் இப்போது. பத்துக்கு மேல் பெரியவர்களின் பொய் நன்றாகத் தெரிந்துவிடும். வேலைக்கு வந்தவரிடமும் வரிசையில் முந்தியவரிடமும் நீங்கள் பேசும் தொனியையே பாடமாக எடுத்துக்கொள்வார்கள். உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசச் சொல்வது இதனால்தான். குடும்ப ஜெபத்தில் சொன்னது வழியிலும் நடக்கிறதா என்று பிள்ளை பார்த்துக்கொண்டே வருகிறது.

பதின்மூன்று, பதினான்கு வயதில், "கடவுளை நம்பாத என் நண்பன் என்னைவிட நல்லவனாக இருக்கிறானே?" என்ற கேள்வி வரும். பதறாதீர்கள், பிரசங்கமும் வேண்டாம். "ஆம், இருக்கிறான்" என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். இயேசு தம் உவமைக்கு முன்மாதிரியாக எடுத்தது யூதர்கள் ஒதுக்கிய சமாரியனைத்தான். பிறகு அந்த நண்பனை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவரச் சொல்லுங்கள்.